கப்பும் இல்ல, நாரிஸும் இல்ல, அப்புறம் ஏன் பொர்யே சால்மிங்குக்கு இவ்வளவு மரியாதை?

கேள்வி இதுதான்: டொராண்டோவுக்கு வேலைக்கு வந்து கொஞ்ச மாசம் ஆச்சு, ஆபீஸ்ல பெரியவங்க எல்லாம் சால்மிங் சால்மிங்னு உருகுறாங்க, ஸ்கோஷியாபேங்க் அரீனா வாசல்ல சிலையும் இருக்கு, ஆனா தேடிப் பாத்தா, ஐஸ் ஹாக்கி ஆடின இந்த மனுஷன் லீக் சாம்பியனுக்குக் குடுக்குற ஸ்டான்லி கப் ஒண்ணு கூட ஜெயிக்கல, பெஸ்ட் டிஃபென்ஸ்மேனுக்குக் குடுக்குற நாரிஸ் ட்ராஃபியும் ஒரு தடவை கூட வாங்கல, அப்புறம் என்ன இவ்வளவு பில்டப்?

நியாயமான கேள்விதான். லிஸ்ட் பாத்து அளந்தா சால்மிங் புரியவே மாட்டார். 1973ல ஐரோப்பாவுல இருந்து ஒருத்தன் என்ஹெச்எல்ல, அதாவது வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்ல, வந்து ஆடுறதுன்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ஆள் பொறந்தது 1951 ஏப்ரல் 17. ஸ்வீடனோட வட கோடில, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல, கிருனா பக்கத்துல சால்மின்னு ஒரு குக்கிராமம். அப்பா வழில சாமி இனம், அதாவது கலைமான் மேய்க்கிற அந்த வடக்கத்தி பழங்குடி மக்கள். கிருனான்னா இரும்புச் சுரங்கம்தான், வேற பேச்சே கிடையாது. அந்த சுரங்கம் தோண்டித் தோண்டி இப்ப ஊருக்கு அடியில நிலமே இளகிப்போய் ஊரையே தூக்கி வேற இடத்துல வைக்கிறாங்க, 2025 ஆகஸ்ட்ல அங்க இருக்கிற பழைய மரச் சர்ச்சை அப்படியே முழுசா வண்டில ஏத்தி அஞ்சு கிலோமீட்டர் நகர்த்தினாங்களே, வீடியோ பாத்திருப்பீங்க, அதே ஊர்தான். சால்மிங்கோட அப்பா அந்த சுரங்கத்துலதான் வேலை பாத்தார், அங்கேயே விபத்துல போயிட்டார். பையனுக்கு அப்ப அஞ்சு வயசு. அண்ணன் ஸ்டிக் நாலு வயசு மூத்தவர், அவரும் நல்ல டிஃபென்ஸ்மேன், தம்பி அவரைப் பாத்துத்தான் ஆட ஆரம்பிச்சது. ரெண்டு பேருமே பின்னாடி தெற்க யாவ்லே ஊர்ல இருக்கிற ப்ரீனாஸ் கிளப்புக்கு வந்து சேந்தாங்க. 1971, 1972ன்னு வரிசையா ரெண்டு வருஷம் ப்ரீனாஸ் ஸ்வீடன் சாம்பியன், சால்மிங் அந்த டீம்ல இருந்தார். 1973 வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல ஸ்வீடன் சில்வர், அதுலயும் இருந்தார்.

இப்ப இந்தப் பக்கம் டொராண்டோ. சால்மிங் ஆடப்போற ஊர் டீம் மேப்பிள் லீஃப்ஸ் கடைசியா கப் ஜெயிச்சது 1967. (இன்னைக்கு வரைக்கும் அதுதான் கடைசி, இந்த ஊர்ல இருந்தா இதைச் சொல்லிச் சொல்லி உங்க காது புளிச்சிருக்கும்.) ஓனர் ஹெரால்ட் பல்லார்ட். இவரைப் பத்தி தனியா ஒரு பதிலே எழுதலாம், கம்பெனிப் பணத்தை சொந்தச் செலவுக்கு எடுத்த கேஸ்ல 1972ல தண்டனை வாங்கி உள்ள போய்ட்டு வந்த ஆளு, வாய் நீளம், கை இறுக்கம். அதே 1972ல டபிள்யூஹெச்ஏன்னு போட்டிக்கு ஒரு புது லீக் ஆரம்பிச்சு, என்ஹெச்எல் ஆளுங்களுக்கு அள்ளிக் குடுத்து இழுத்தாங்க. பல்லார்ட் காசு ஏத்த மாட்டேன்னு உக்காந்துட்டார், டொராண்டோல இருந்து நல்ல ஆளுங்க வரிசையா கிளம்பிட்டாங்க, அதுல பெர்னி பெரன்ட்டுன்னு ஒரு கோல்கீப்பரும் ஒருத்தர். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, மறுபடி வருவார். 1972-73 சீசன்ல லீஃப்ஸ் ப்ளேஆஃப் பக்கமே போகல. கைல ஆளே இல்ல, அதனாலதான் ஸ்வீடன் பக்கம் ஆள் தேடுற ஸ்கவுட் ஒருத்தரை அனுப்பிப் பாத்தாங்க. சும்மா தாராள மனசுல ஒண்ணும் ஐரோப்பாவுக்குக் கதவைத் திறந்து விடல.

போன ஸ்கவுட் ஜெர்ரி மெக்நமாரா. பழைய கோல்கீப்பர், போனதும் ஒரு ஸ்வீடன் கோல்கீப்பரைப் பாக்கத்தான், அந்த கோல்கீப்பருக்கு அடிபட்டு ஆட முடியாம இருந்ததால, சரி வந்ததுக்கு வேற ஏதாவது பாப்போம்னு யாவ்லேவுக்குப் போனார். அங்க ப்ரீனாஸ் டீமும், கனடால இருந்து டூர் வந்திருந்த பேரி ஃப்ளையர்ஸும் ஆடுறாங்க. ஹாமர்ஸ்ட்ரோம்னு ஒரு ஃபார்வர்ட், அதாவது முன்னாடி நின்னு கோலுக்குப் போறவர், சூப்பரா ஆடிட்டிருக்கார். கூடவே ஒரு ஒல்லி டிஃபென்ஸ்மேன், கனடாக்காரங்க போடுற அடிக்கெல்லாம் அசையாம திருப்பிக் குடுத்துட்டு இருந்தவன், ஒரு கட்டத்துல ரெஃப்ரி மேலயே கை வச்சு மேட்ச்ல இருந்து வெளிய அனுப்பப்பட்டான். வேற ஸ்கவுட்டா இருந்தா அதோட பேரை அடிச்சிருப்பான். மெக்நமாரா எழுந்து நேரா டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய், கார்டைக் குடுத்து, டொராண்டோல ஆடுறியாப்பான்னு கேட்டுட்டார். டிராஃப்ட் (புது ஆளுங்களை டீம்கள் முறை வச்சு எடுத்துக்கிறது) கிடையாது ஒண்ணும் கிடையாது, ஜெனரல் மேனேஜர் ஜிம் க்ரெகரி கான்ட்ராக்ட் போட்டார், 1973ல ஹாமர்ஸ்ட்ரோமும் சால்மிங்கும் ஒண்ணா வந்து இறங்கினாங்க. சால்மிங்குக்கு வயசு 22.

அதுக்கு முன்னாடி ஸ்வீடன்காரங்க வரவே இல்லன்னு சொல்ல முடியாது. உல்ஃப் ஸ்டெர்னர் 1965ல நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு நாலே மேட்ச் ஆடிட்டு திரும்பிப் போய்ட்டார். தாமி பெரிமான் 1972ல டெட்ராய்ட்டுக்கு வந்தார். ஆனா ஐரோப்பாவுல ஆடக் கத்துக்கிட்டவன் இங்க வந்து ஸ்டாராக முடியும்னு யாரும் நம்பல. நம்பாததுக்குக் கொஞ்சம் காரணமும் இருக்கு. அங்க ரிங்க், அதாவது ஆடுற பனித் தளம், 30 மீட்டர் அகலம், இங்க சுமார் 26தான், அந்த நாலு மீட்டர் குறைஞ்சதுமே யோசிக்கிற நேரம் பாதியாயிடும், பக்கை (பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) தொடுறதுக்குள்ள ஒருத்தன் வந்து பலகைச் சுவர்ல சேத்து அரைச்சுட்டுப் போயிருப்பான். சர்வதேச ரூல்ல மைதானம் முழுக்க உடம்பால மோதலாம்னு அனுமதியே 1969க்கு அப்புறம்தான் வந்துச்சு, அதுவரைக்கும் சொந்த ஏரியால மட்டும்தான். அங்கத்த சீசன் சின்னது, இங்க 78 மேட்ச், அப்புறம் ப்ளேஆஃப், நடுவுல கண்டம் முழுக்க பயணம். அதனால ஸ்வீடன்காரன்னா நல்லா ஸ்கேட் பண்ணுவான், அழகா பாஸ் குடுப்பான், ஆனா பயந்தாங்கொள்ளி, ரெண்டு தட்டு தட்டினா ஓடிருவான் அப்படிங்கறது இங்க ஊரறிஞ்ச பேச்சு. பத்திரிகைல எழுதுவாங்க, எதிர் டீம் பெஞ்சுல இருந்து கத்துவாங்க. பல்லார்டே, அதாவது சொந்த ஓனரே, ஹாமர்ஸ்ட்ரோமைப் பத்தி இவன் பாக்கெட்ல ஆறு முட்டையோட கார்னருக்குப் போனாலும் ஒண்ணு கூட உடையாம வெளிய வருவான்னு நக்கல் அடிச்சவர்.

அந்தக் காலத்துல லீக்லயே பெரிய ரவுடி டீம் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், ப்ராட் ஸ்ட்ரீட் புல்லீஸ்னே பேரு. 1974, 1975 ரெண்டு கப்பும் அவங்களுக்குத்தான், ஆடவும் தெரியும், அதைவிட அடிக்கத் தெரியும். சால்மிங் வந்த சீசன் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே அவங்க ஊருக்குப் போக வேண்டியதாச்சு. ஸ்டிக்கால குத்துறது, முழங்கால்ல இடிக்கிறது, க்ளவுஸைக் கழட்டிப் போட்டு வாடான்னு கூப்பிடுறது எல்லாம் நடந்துச்சு. ஆளு ஓடல. அவர் பெரிய சண்டைக்காரர் எல்லாம் இல்ல, ஆனா அடிச்சா திருப்பி அடிப்பார், அடி வாங்கிட்டு எழுந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்து நிப்பார், அதுதான் எதிராளிக்கு எரிச்சல். கரியர் முழுக்க 1344 பெனால்டி நிமிஷம், அதாவது முரட்டு ஆட்டம் மாதிரி தப்புக்கெல்லாம் தண்டனையா விழுந்த நேரம், பயந்தாங்கொள்ளியோட கணக்கு மாதிரியா இருக்கு? முதல் சீசன்லயே 39 பாயின்ட் (அடிச்ச கோலும், கோலுக்குப் பாஸ் குடுத்த அசிஸ்ட்டும் சேந்த கணக்கு), லீஃப்ஸ் திரும்ப ப்ளேஆஃபுக்கு வந்துட்டாங்க.

இப்ப 1976 ப்ளேஆஃப். நீங்க கேட்டதுக்கு பாதி பதில் இங்கதான் இருக்கு. க்வாட்டர் ஃபைனல்ல மறுபடியும் ஃப்ளையர்ஸ். மூணாவது மேட்ச் டொராண்டோல, கார்ல்டன் தெருல இருந்த பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்ல. மெல் பிரிட்ஜ்மேன்ங்கிற ஃப்ளையர்ஸ் ஆளு சால்மிங்கைப் பிடிச்சுப் போட்டு மொத்து மொத்துன்னு மொத்திட்டார், ஆடியன்ஸ், ஆட்டக்காரங்க, போலீஸ்னு ஏகப்பட்ட ரகளை, கடைசில ஒன்டாரியோ மாகாண அட்டர்னி ஜெனரல் ராய் மெக்மர்ட்ரி ஃப்ளையர்ஸ் ஆட்டக்காரங்க மேல கிரிமினல் கேஸே போட வச்சார். ஹாக்கி மேட்ச்ல நடந்த அடிக்கு கோர்ட் கேஸ்! அடி வாங்கின ஆளுக்கு அடுத்த மேட்ச் ரெண்டு நாள் கழிச்சு, ஏப்ரல் 17, அவரோட 25ஆவது பொறந்தநாள். வீங்கின மூஞ்சியோட வந்தார். கேப்டன் டாரில் சிட்லர் குடுத்த பாஸை வாங்கிக்கிட்டு ஃப்ளையர்ஸ் டிஃபென்ஸைத் தாண்டித் தனியா உள்ள போய், கோல்ல நின்ன பெர்னி பெரன்ட்டைத் தாண்டி அடிச்சார். ஆமா, பல்லார்ட் காசு குடுக்காம விட்டாரே, அதே பெரன்ட்தான், சுத்திச் சுத்தி ஃப்ளையர்ஸ்ல போய் ரெண்டு கப் ஜெயிச்சிருந்தார். கார்டன்ஸ் மொத்தமும் எழுந்து நின்னு கத்துச்சு, சத்தம் அடங்கவே இல்லன்னு அன்னைக்கு உள்ள இருந்தவங்க இன்னும் சொல்வாங்க. மேட்ச் 4-3ல லீஃப்ஸுக்கு, ஆனா சீரிஸ் ஏழு மேட்ச் வரைக்கும் போய் ஃப்ளையர்ஸ் எடுத்துக்கிட்டாங்க. உங்க ஆபீஸ்ல உருகுற பெரியவங்க அப்ப எட்டு, பத்து வயசுப் பசங்களா இருந்திருப்பாங்க, கணக்குப் போட்டுப் பாருங்க.

அதே வருஷம் செப்டம்பர்ல நாடுகள் மோதுற முதல் கனடா கப். டொராண்டோல கனடாவும் ஸ்வீடனும் ஆடுறாங்க. ஆட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடுறப்ப, சால்மிங் பேரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்னுடுச்சு. மனுஷன் போட்டிருக்கிறது மஞ்சள் ஸ்வீடன் ஜெர்சி, எதிர்ல நிக்கிறது பெரிய ஸ்டார் டிஃபென்ஸ்மேன் பாபி ஆர் எல்லாம் இருக்கிற கனடா டீம், ஊர்க்காரன் கனடாக்காரன். சென்னைல பாகிஸ்தான் டீமுக்கு 1999ல எழுந்து நின்னு கை தட்டினாங்களே, அது ஆட்டம் முடிஞ்சப்புறம், இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. ஸ்வீடன்ல இதை டிவில பாத்தவங்களுக்கு அன்னைக்குத்தான் நம்ம பையன் அங்க என்னவா இருக்கான்னு புரிஞ்சதாம். அந்த மேட்ச்ல கனடா 4-0ன்னு ஜெயிச்சது, அது யாருக்கும் ஞாபகம் இல்ல.

சரி ஆட்டம் எப்படி, அதையும் சொல்லணும்ல. டிஃபென்ஸ்மேன்னா பின்னாடி நின்னு தடுக்கிறவன்னு மட்டும் நினைக்காதீங்க. பாபி ஆர் வந்தப்புறம் டிஃபென்ஸ்மேனும் பக்கை எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடலாம்னு ஆயிடுச்சு. சால்மிங் அந்த வகைதான், ஸ்கேட்டிங் அப்படி வழுக்கிக்கிட்டுப் போகும், சொந்த கோலுக்குப் பின்னாடி இருந்து பக்கை எடுத்து, தலையைத் தூக்கி, எதிராளி ஏரியா ஆரம்பிக்கிற ப்ளூ லைன்கிட்ட ஓடிட்டிருக்கிற சிட்லருக்கோ லேனி மெக்டொனால்டுக்கோ ஒரே நீட்டுப் பாஸ். கோல் அடிக்கிறதை விட அடிக்க வைக்கிறதுதான் அவர் வேலை, அதனாலதான் கணக்குல கோல் கம்மியாவும் அசிஸ்ட் எக்கச்சக்கமாவும் இருக்கும்.

ஆனா ரசிகர்களுக்குப் பைத்தியம் பிடிச்சது அதுக்கு இல்ல, ஷாட் ப்ளாக்குக்கு. பக்குன்னா நல்லா இறுக்கிச் செஞ்ச ரப்பர், 160, 170 கிராம் வரும், மேட்சுக்கு முன்னாடி உறைய வச்சுத்தான் எடுத்துட்டு வருவாங்க, ஒரு நல்ல ஸ்லாப் ஷாட் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல வரும். எதிராளி ஸ்டிக்கைப் பின்னாடி தூக்குறப்பவே இவர் அப்படியே பனி மேல படுத்து சறுக்கிக்கிட்டு அதுக்குக் குறுக்க போயிடுவார், உடம்பு, கால், எது கிடைக்குதோ அதுல வாங்குறது. இன்னைக்கு இருக்கிற பேட் எல்லாம் அப்ப கிடையாது. பட்டுச்சுன்னா எலும்பு நொறுங்கும், பட்டும் இருக்கு. இப்ப எல்லா டீம்லயும் இதைப் பாடமாவே சொல்லிக் குடுக்கிறாங்க, அப்ப ஸ்டார் ஆட்டக்காரன் ஒருத்தன் போய் படுக்கிறது அபூர்வம். அதுவும் பயந்தாங்கொள்ளின்னு சொன்ன ஊர்ல.

1976-77 சீசன் அவரோட உச்சம்னு சொல்லலாம். 12 கோல், 66 அசிஸ்ட், 78 பாயின்ட், ஃபர்ஸ்ட் ஆல் ஸ்டார் டீம்ல இடம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், பின்னாடி மூணு வருஷம் செகண்ட் ஆல் ஸ்டார் டீம். அதாவது தொடர்ந்து ஆறு வருஷம் லீக்ல இருக்கிற டாப் நாலு டிஃபென்ஸ்மேன்ல ஒருத்தர். நாரிஸ் ஓட்டுல ரெண்டு தடவை ரெண்டாவது வந்தார், 1977, 1980, ரெண்டு தடவையும் ஜெயிச்சது மான்ட்ரியாலோட லாரி ராபின்சன். நடுவுல ரெண்டு வருஷம் நியூயார்க் ஐலேண்டர்ஸ் டீமோட டெனிஸ் பாட்வின். இதை வச்சு சால்மிங் மட்டம்னு சொல்றது எனக்கு ஒப்பாது, ராபின்சன் பின்னாடி கென் ட்ரைடன் கோல்ல நின்னார், முன்னாடி கீ லஃப்லர் இருந்தார். சால்மிங்குக்குப் பின்னாடி இருந்தது பல்லார்ட்.

கூட ஜோடியா அடிக்கடி ஆடினது இயன் டர்ன்புல், அவரும் 1973லதான் வந்தவர். டர்ன்புல் 1977 பிப்ரவரில டெட்ராய்ட்டுக்கு எதிரா ஒரே மேட்ச்ல அஞ்சு கோல் அடிச்சார், அஞ்சே அஞ்சு ஷாட்ல. ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு அது இன்னும் ரெக்கார்ட். இப்படி ரெண்டு பேர் பின்னாடி, சிட்லர், மெக்டொனால்ட், டைகர் வில்லியம்ஸ் முன்னாடி, ராஜர் நீல்சன் மாதிரி ஒரு மூளைக்காரக் கோச், உண்மையிலயே ஒரு டீம் உருவாகிட்டு இருந்துச்சு. 1978ல பலமான ஐலேண்டர்ஸை ஏழாவது மேட்ச் ஓவர்டைம்ல மெக்டொனால்ட் கோல் போட்டு வெளியேத்தினாங்க. அந்த சீரிஸ் பாதிலயே சால்மிங்குக்கு எதிராளி ஸ்டிக் கண்ல பட்டு ஆட முடியாம போச்சு, அவர் இல்லாமதான் ஜெயிச்சாங்க, அடுத்த ரவுண்டுல மான்ட்ரியால் நாலுக்கு நாலு துடைச்சு எடுத்துட்டாங்க. கப்புக்கு அவர் கிட்டப் போனது அவ்வளவுதான்.

அப்புறம் பல்லார்ட் திருவிளையாடல். 1979ல பழைய கோச் பஞ்ச் இம்லாக்கை ஜெனரல் மேனேஜராக் கூட்டிட்டு வந்தார், இம்லாக்குக்கும் சிட்லருக்கும் ஆகல, சிட்லரை நேரா தொட முடியாததால அவரோட உயிர் நண்பன் மெக்டொனால்டை டிசம்பர்ல கொலராடோவுக்கு தள்ளி விட்டாங்க, சிட்லர் கோபத்துல ஜெர்சில இருந்த கேப்டன் எழுத்தையே பிச்சு எடுத்துட்டார். 1982ல சிட்லரும் போயாச்சு. 1984-85ல லீஃப்ஸ் லீக்லயே கடைசி. சால்மிங் மட்டும் அங்கயே. வேற நல்ல டீமுக்குப் போயிருந்தா கப் கெடச்சிருக்குமேன்னு நிறைய பேர் கேப்பாங்க, கெடச்சிருக்கும்தான், ஆனா டொராண்டோ அவரை ஏன் இப்படிக் கொண்டாடுதுன்னு நீங்க கேக்குறதுக்கு அந்த மோசமான பத்து வருஷமும் ஒரு காரணம். எல்லாரும் போன வீட்ல இருந்தவர்.

எல்லாமே பொன்னா இருந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். 1986ல ஒரு பேட்டில, சில வருஷம் முன்னாடி கொக்கெய்ன் எடுத்துப் பாத்திருக்கேன்னு அவரே வாயைத் திறந்து சொல்லிட்டார். யாரும் பிடிக்கல, டெஸ்ட் இல்ல, கேட்டாங்க சொன்னார். லீக் சஸ்பெண்ட் பண்ணி, அப்புறம் எட்டு மேட்ச்சோட விட்டுட்டாங்க. உண்மையைச் சொன்னதுக்கு இதான் பரிசுன்னா அடுத்தவன் எவன் வாயைத் திறப்பான்னு அப்பவே கேள்வி வந்துச்சு, எனக்கும் அதே எண்ணம்தான்.

அதே வருஷம் நவம்பர்ல அந்த பயங்கரமான சம்பவம். டெட்ராய்ட்டோட மேட்ச், கோல் முன்னாடி நடந்த தள்ளுமுள்ளுல சால்மிங் கீழ விழுந்து கிடக்கிறார், ஜெரார்ட் கலன்ட் நிலை தடுமாறி அவர் மேல வர்றப்ப ஸ்கேட் ப்ளேடு மூஞ்சில இறங்கிருச்சு. நெத்தில இருந்து கண் பக்கமா இறங்கி வாய் ஓரம் வரைக்கும் வெட்டு, கண்ணு தப்பினதே பெரிசு. 200க்கு மேல தையல். கலன்ட் வேணும்னு செய்யல, எல்லாரும் ஒத்துக்கிட்ட விபத்து. அந்த தையல் போட்ட முகத்தோட எடுத்த ஃபோட்டோ நெட்ல இருக்கு, சாப்பிட்டப்புறம் தேடாதீங்க. 35 வயசு, இத்தோட போதும்னு சொல்லியிருக்கலாம், இல்ல, திரும்பி வந்து மேல மூணு சீசனுக்கும் அதிகமா ஆடினார். 1988 ஜனவரில ஆயிரமாவது என்ஹெச்எல் மேட்ச், ஐரோப்பாவுல ஆடிப் பழகி வந்தவங்கள்ல அதை எட்டின முதல் ஆள்.

1989ல லீஃப்ஸை விட்டுட்டு ஒரு வருஷம் டெட்ராய்ட், 49 மேட்ச். மொத்தக் கணக்கு 1148 மேட்ச், 150 கோல், 637 அசிஸ்ட், 787 பாயின்ட். அப்புறம் ஊருக்குத் திரும்பி ஸ்டாக்ஹோம்ல ஏஐகே கிளப்புக்கு மூணு வருஷம். 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வீடன் டீம்ல ஆடினார், வயசு 40. தன் புள்ள வயசுப் பசங்களோட.

ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்கல, அவர் பேர்ல உள்ளாடை பிராண்ட் வந்துச்சு, ஸ்வீடன்ல நல்லாவே ஓடுச்சு, பின்னாடி அது ஷூ, ஃப்ளோர்பால், ஹேண்ட்பால் சாமான்னு பெருசாச்சு. இங்க யாராவது ஸ்க்வாஷ் ஆடுறவங்க இருந்தா ஷூல சால்மிங்னு பேரைப் பாத்திருப்பீங்க, அது இவர்தான். 1996ல ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம், ஸ்வீடன்ல இருந்து முதல் ஆள். 2008ல சர்வதேச ஹாக்கி சம்மேளனம் நூறு வருஷத்துக்கு ஒரு ஆல் டைம் டீம் எடுத்தாங்க, மொத்தமே ஆறு பேர்: கோல்ல ட்ரெட்டியாக், டிஃபென்ஸ்ல ஃபெட்டிசோவும் சால்மிங்கும், முன்னாடி கார்லமோவ், மகரோவ், க்ரெட்ஸ்கி. அஞ்சு பேரு நேரா கண்ணுக்குத் தெரியுற பேரு, ஆறாவதா ஒரு கப் கூட ஜெயிக்காத கிருனாக்காரர். 2016ல லீஃப்ஸ் அவரோட 21ஆம் நம்பரை இனி யாருக்கும் இல்லன்னு மேல ஏத்திட்டாங்க.

அவருக்கு அப்புறம் வந்தவங்களைப் பாருங்க. 1974லயே ஆண்டர்ஸ் ஹெட்பெரியும் உல்ஃப் நில்சனும் டபிள்யூஹெச்ஏ வினிபெக்குக்கு வந்தாங்க. எண்பதுகள்ல வரிசையா வந்தாங்க. நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் டெட்ராய்ட்ல 2001ல முதல் நாரிஸ் வாங்கினார், ஐரோப்பியர் ஒருத்தருக்கு அது கெடச்சது அதுதான் முதல் தடவை, அப்புறம் மொத்தம் ஏழு வாங்கினார். டொராண்டோலயே மாட்ஸ் சுந்தீன் வந்து பத்து வருஷத்துக்கு மேல கேப்டன். இன்னைக்கு லீக்ல கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர் ஸ்வீடன். லிட்ஸ்ட்ரோம் சால்மிங்கை விட பெரிய ஆட்டக்காரர்னு சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா லிட்ஸ்ட்ரோம் 1991ல வந்து இறங்கினப்ப ஸ்வீடன்காரன் தாங்குவானாங்கற கேள்வியையே யாரும் கேக்கல. கேக்காம இருந்ததுக்கு யார் அடி வாங்கினதுன்னு பாத்தீங்கன்னா உங்க கேள்விக்கு விடை அங்கதான் இருக்கு. கப், ட்ராஃபி எல்லாம் அந்தக் கணக்குல வராது.

கடைசிக் காலம் கொடுமை. 2022 ஆகஸ்ட்ல அவருக்கு ஏஎல்எஸ்னு அறிவிச்சாங்க. தசைகளை இயக்குற நரம்பு செல் ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே போற வியாதி, கை கால், பேச்சு, விழுங்குறது, கடைசில மூச்சு, மூளை மட்டும் பெரும்பாலும் தெளிவா இருக்கும், குணமாக்க மருந்து கிடையாது. அவருக்கு படு வேகமாப் போச்சு, சில மாசத்துலயே பேச்சு நின்னுருச்சு. அந்த நிலைமைலயும் நவம்பர்ல அட்லாண்டிக் தாண்டி டொராண்டோவுக்கு வந்தார். 11, 12 ரெண்டு நாளும் மேட்சுக்கு முன்னாடி குடும்பத்தோட பனி மேல வந்து நின்னார், பக்கத்துல சிட்லர், அடக்க முடியாம அழுதுட்டார், அரங்கம் முழுக்க எழுந்து நின்னு கை தட்டிட்டே இருந்துச்சு. 12ஆம் தேதி வான்கூவரோட மேட்ச். கோச் ஷெல்டன் கீஃப் ஒரு வேலை பண்ணார், ஆட்டம் ஆரம்பிக்க இறக்கின ஆறு பேருமே ஸ்வீடன்காரங்க. ஸ்வீடன்காரனை வச்சு என்ன பண்றதுன்னு கேட்ட அதே டொராண்டோ டீம்ல கோல்கீப்பர்ல இருந்து எல்லா இடத்துக்கும் ஆள் நிரப்புற அளவுக்கு ஸ்வீடன்காரங்க இருந்தாங்க. 12 நாள் கழிச்சு, நவம்பர் 24 அன்னைக்கு இறந்துட்டார், 71 வயசு.

ரெக்கார்டுன்னு பாத்தாலும் ஒண்ணு இருக்கு. லீஃப்ஸுக்காக 620 அசிஸ்ட், இந்த கிளப் வரலாற்றுல அதிகம், ஃபார்வர்ட்ஸையும் சேத்துத்தான் சொல்றேன். சமீபத்துல லீஃப்ஸ் ஃபார்வர்ட் மிட்ச் மார்னர் 500ஐத் தாண்டி மெதுவா நெருங்கிட்டு வந்தார், 2025ல வேகஸ் டீமுக்குப் போய்ட்டார், அதோட அந்தத் துரத்தல் நின்னுருச்சு. இப்ப டீம்ல இருக்கிறவங்கள்ல வில்லியம் நைலாண்டருக்கு 2032 வரைக்கும் கான்ட்ராக்ட் இருக்கு, ஆனா கணக்குப் பாத்தா அவருக்கும் தூரம் ஜாஸ்தி.

யூட்யூப்ல பாக்கணும்னா முதல்ல 1976 ப்ளேஆஃப்ல பெரன்ட் மேல போட்ட கோலைப் பாருங்க, படம் மங்கலாத்தான் இருக்கும், சவுண்டை மட்டும் ஏத்தி வச்சுக்கங்க. ஆபீஸ்ல அந்தப் பெரியவங்ககிட்ட ஒரு நாள் லஞ்ச்ல அந்த கோலைப் பத்தி சும்மா கேட்டுப் பாருங்க, அன்னைக்கு மதியம் மீட்டிங் எதுவும் வச்சுக்காதீங்க.